கதிரையில இருக்க முந்தின வருசங்கள்

வாசகர் கேள்வி – ரீச்சர் பதில்

போன இதழில, நிரந்தர அதிபர் இல்லாம பதில் கடமையில ஓடிக்கொண்டிருக்கிற சின்னப் பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதக்குள்ள, "எக்ஸாம் ஒரு ஆளைத் தெரிவு செய்யும், அதிபரா ஆக்காது, ஆக்கிறது அதுக்கு முந்தின அஞ்சாறு வருசம்" எண்டு ஒரு வசனம் போட்டனான். இந்த முறை வந்த கடிதம், வட்ஸ்அப் எல்லாம் அந்த ஒரு வசனத்தைப் பிடிச்சுக்கொண்டுதான் வந்திருக்கு. பேர் போடவேணாம் எண்டு கனபேர் கேட்டதால ஊரை மட்டும் போடுறன். 31 வருசம் இந்தத் திருகோணமலை மாவட்டத்துக்குள்ளயே படிப்பிச்சு, அதில பாதிக்கு மேல அதிபரா இருந்து ரிட்டயர் ஆன ஆள் நான், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

கேள்வி: ரீச்சர், நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறன், 13 வருச சேவை. அதிபர் சேவை எக்ஸாம் எடுக்க யோசிக்கிறன். ரவுணில ஞாயிற்றுக்கிழமையில கிளாஸ் நடக்குது, பழைய பேப்பர், நுண்ணறிவு எல்லாம் செய்விக்கிறாங்களாம். அதுக்குப் போனாக் காணுமா? அதோட அதிபர் சேவை நல்லமா, கல்வி நிர்வாக சேவை நல்லமா?
– ஆசிரியர், மூதூர்

பதில்: தம்பி, கிளாசுக்குப் போங்க. நுண்ணறிவுப் பேப்பரை நேரத்துக்குள்ள செய்து முடிக்கிறது ஒரு பழக்கம், செய்து பாத்தாத்தான் வரும். ஆனா காணுமா எண்டு கேட்டீங்க பாருங்க, காணாது.

முதல்ல சேவைக் கதையை முடிச்சிடுவம். அதிபர் சேவை பள்ளிக்கூடத்துக்குள்ள இருக்கிற ஏணி, தரம் 3 இல ஏறி 2, 1 எண்டு போறது, முந்தி 2-II, 2-I எண்டெல்லாம் இருந்ததை 2014 சேவைப் பிரமாணக் குறிப்போட இப்பிடி மூண்டாக்கினவங்க. கல்வி நிர்வாக சேவை கோட்டம், வலயம், மாகாணம், அமைச்சு எண்டு போற வேற ஏணி, பெரிய தேசியப் பாடசாலைகளுக்கு அதிபரா வாறவங்களும் அந்த சேவையில இருந்து வாறது உண்டு. எது பெரிசு எண்டு பாக்காதீங்க. காலமை ஏழு மணிக்கு கேற்றடியில நிண்டு பிள்ளையள் வாறதைப் பாக்க உங்களுக்கு விருப்பமா, அப்ப அதிபர் சேவை. ஒரு திட்டத்தை அறுபது பள்ளிக்கூடத்துக்கும் சேத்து யோசிக்கிறதிலதான் மனம் போகுதா, அப்ப மற்றது. ஆர் தோற்றலாம், எத்தனை வருச சேவை வேணும் எண்டதெல்லாம் அந்தந்த முறை வர்த்தமானியில வரும். ஸ்டாஃப் ரூமில ஆக்கள் சொல்லுறதை நம்பாம வர்த்தமானியை எடுத்து நீங்களே முழுசா வாசிங்க, சுற்றறிக்கை வாசிக்கப் பழகிறதுக்கும் அதுதான் முதல் பாடம்.

இனி காணாது எண்டு ஏன் சொன்னன் எண்டா, நான் அதிபராகின கதையைக் கேளுங்க. 1998, சண்டைக் காலம், வெருகல் பக்கம் தரம் 11 வரைக்கும் உள்ள ஒரு சின்னப் பள்ளிக்கூடம், 140 பிள்ளையள், ஏழு ஆசிரியர். இருந்த அதிபருக்கு இடமாற்றம் கிடைச்சிட்டுது, போற அண்டைக்கு மத்தியானம் சாவிக்கொத்தை என்ட கையில தந்து "ரீச்சர், நீங்கதான் சீனியர், பாத்துக்கொள்ளுங்க" எண்டுட்டு பஸ்ஸுக்கு ஓடினவர். அவரைப் பிழை சொல்லல்ல, அந்த பஸ்ஸை விட்டா அடுத்த நாள்தான். மேசையில பொறுப்பேற்கிற கடிதமும் பொருட் பதிவேடும் கிடந்துது, நான் கையெழுத்து வைச்சிட்டன். ரெண்டு வருசம் கழிச்சு கணக்காய்வுக்காரர் வந்தாங்க, பதிவேட்டில வாங்கு 84, எண்ணிப் பாத்தா 61. மிச்சம் 23 வாங்கு எங்க எண்டு என்ட பேரில ஐயவினா, அதாவது விளக்கம் கேட்டுக் கணக்காய்வுக் கடிதம், வந்துது. இடம்பெயர்ந்து வந்த சனம் பள்ளிக்கூடத்தில தங்கின நேரம் உடைஞ்சதோ, விறகாப் போனதோ, ஆருக்குத் தெரியும். விளக்கம் எழுதி, திருப்பி அனுப்பி, திருப்பி எழுதி ஒரு வருசம் போச்சு, அந்த ஒரு வருசமும் ஓ/எல் பிள்ளையளுக்கு நான் எடுக்கவேண்டிய தமிழ்ப் பாடத்தில எத்தனை போச்சு எண்டதை நினைச்சா இப்பவும் மனசு வலிக்கும். ஒரு பின்னேரம் இருந்து எண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும் அலுவல். எண்ணித்தான் கையெழுத்து வைக்கோணும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்ல, அதே ஒஃபிசுக்குள்ள அஞ்சு வருசம் தினமும் போய் வரவு வைச்ச எனக்கு அந்தப் பதிவேடு எந்த அலுமாரியில இருக்கு எண்டுகூடத் தெரியாது.

நீங்க அப்பிடி வராதீங்க. இப்பவே உங்கட அதிபரிட்டப் போய் "அடுத்த வருச ரைம்ரேபிளை நான் போட்டுத் தாறன் சேர்" எண்டு கேளுங்க. ஒருத்தரும் விரும்பிக் கேக்காத வேலை, கட்டாயம் தருவார். கிழமைக்கு இருக்கிற பாடவேளையளுக்குள்ள எல்லாரையும் எல்லாத்தையும் அடைக்கோணும். இருந்து போடக்குள்ளதான் பள்ளிக்கூடம் உங்களுக்குத் தெரியவரும். நல்ல கணித ரீச்சர் எப்பவும் 11ஆம் தரத்துக்கே போறா, ஆறாம் தரத்துக்கு ஆர் மிஞ்சுறாங்களோ அவங்க, அப்ப ஆறாம் தரத்தில பின்னம் விளங்காமப் போன பிள்ளை அஞ்சு வருசம் கழிச்சு ஓ/எல்லில பெயிலாகக்குள்ள நாங்க பிள்ளையைப் பேசுறம். தூர இடத்தில இருந்து பஸ்ஸில வாற ரீச்சருக்கு முதலாம் பாடம் போட்டா கிழமையில ரெண்டு நாள் அந்த வகுப்பு சும்மா கிடக்கும், மாத்திப் போட்டா மற்ற ரீச்சர்மார் "அவவுக்கு மட்டும் ஏன்" எண்டு கேப்பாங்க. அதுக்கு நீங்க என்ன பதில் சொல்லப்போறீங்க, ஆரிட்டப் போய் முதல்ல கதைக்கப்போறீங்க, இதைத்தான் புத்தகத்தில தலைமைத்துவம் எண்டு பெரிய எழுத்தில போட்டிருக்கு.

அதோட இன்னொரு ஆசிரியரின்ட வகுப்பில பின் வாங்கில போய் இருக்கப் பழகுங்க, அவர்ட சம்மதத்தோட. பிழை பிடிக்கப் போகாதீங்க, ஆசிரியரைப் பாக்காம பிள்ளையளைப் பாருங்க, ஆர் எழுதுறான், ஆர் பக்கத்துக் கொப்பியைப் பாக்கிறான், ஆர் யன்னலுக்கு வெளிய பாக்கிறான் எண்டு ஒரு பேப்பரில குறிச்சுக்கொண்டு வந்து பிறகு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு அவரோட கதையுங்க. திரும்ப அவரை உங்கட வகுப்புக்குக் கூப்பிடுங்க. அதிபரான பிறகு பாடம் மேற்பார்வை செய்யப் போனா ஆக்கள் பயப்பிடுவாங்க, இப்ப போனா நண்பர். இந்தப் பழக்கம் உள்ள ஆளையும் இல்லாத ஆளையும் நேர்முகப் பரீட்சையில ரெண்டு கேள்வியில கண்டுபிடிக்கலாம்.

காசு விசயம் கடைசி. பாடசாலை அபிவிருத்திக் குழுவில ஒரு தவணைக்காவது இருங்க, காசுப் புத்தகம் எப்பிடி எழுதுறது, மூண்டு விலைமனு ஏன் எடுக்கிறது, பத்தாயிரம் ரூபா சாமானுக்கு எத்தனை கையெழுத்து வேணும் எண்டு பாருங்க. தாபனக் கோவையும் (அரச ஊழியருக்கான விதிப் புத்தகம்) நிதிப் பிரமாணமும் (அரசாங்கக் காசுக்கான விதிகள்) எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணினா ரிசல்ட் வந்த அடுத்த நாள் மறந்துபோகும், ஒரு தண்ணி மோட்டர் வாங்கிப் பாத்தா சாகும்வரைக்கும் மறக்காது.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ரீச்சர். நான் உப அதிபரா இருக்கிறன். எங்கட அதிபர் சேர் மாறிப் போகப்போறார், வலயத்தில என்னைப் பொறுப்பெடுக்கச் சொல்லிக் கேக்கிறாங்க. என்னை விட வயசு கூடின ஆம்பிளை ஆசிரியர்மார் ஆறு பேர் இருக்காங்க. வீட்டிலயும் மாமி "உனக்கு ஏன் இந்தத் தலையிடி" எண்டு கேக்கிறா. எனக்கு விருப்பம் இருக்கு, ஆனா பயமும் இருக்கு.
– உப அதிபர், கிண்ணியா

பதில்: வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. எடுங்க.

நம்மட நாட்டில ஆசிரியர்மார்ல முக்கால்வாசிப் பேர் பெண்கள், அதிபர் கதிரையைப் பாத்தா அந்தக் கணக்கு அங்க இல்ல. திறமை இல்லாததால இல்ல, கேக்கிற நேரம் நாங்க "யோசிச்சுச் சொல்லுறன்" எண்டு சொல்ல, ஆம்பிளையள் "சரி சேர்" எண்டு சொல்லுறதாலயும்தான், இதை நான் கண்ணால கண்டனான். இந்தத் திருகோணமலை ரவுணுக்குள்ள 1923இல தங்கம்மா சண்முகம்பிள்ளை எண்ட ஒரு அம்மா பெண்பிள்ளையளுக்கு எண்டு ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினவ, அதுதான் இண்டைக்கு சண்முகா எண்டு நாங்க சொல்லுற ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. நூறு வருசத்துக்கு முந்தி அவவுக்கு முடிஞ்சிருக்கு.

ஆனா பயம் இருக்கு எண்டு எழுதினது எனக்குப் பிடிச்சிருக்கு. அந்த ஆறு பேரையும் முதல் ஸ்டாஃப் மீற்றிங்கில சந்திக்காதீங்க. அதுக்கு முந்தின கிழமையே ஒவ்வொருத்தரா, அவங்கட இடத்துக்கு நீங்க போய், "சேர், இந்தப் பள்ளிக்கூடத்தில மாத்தக் கூடாதது எது, கட்டாயம் மாத்தவேண்டியது எது" எண்டு ரெண்டு கேள்வி மட்டும் கேளுங்க. கேட்டதை எழுதுங்க. பிறகு மீற்றிங்கில "இத்தனை பேர் இதைச் சொல்லியிருக்கிறீங்க, இதில முதல் ரெண்டை இந்தத் தவணை செய்வம்" எண்டு தொடங்குங்க. வயசு கூடின ஆக்கள் பொதுவாக் கோவிக்கிறது நீங்க பொம்பிளை எண்டதுக்கில்ல, தங்களிட்ட ஒருத்தரும் கேக்கல்ல எண்டதுக்குத்தான். அதில ஒண்டு ரெண்டு பேர் உண்மையாவே பொம்பிளை எண்டதுக்காகக் கோவிப்பாங்க, அவங்களுக்கு நீங்க செய்யக்கூடியது ஒண்டும் இல்ல, வேலையைச் சரியாச் செய்யுங்க, வேலை குடுங்க, குடுத்த வேலையைக் கேளுங்க.

மாமிக்கு: மாசத்தில எத்தனை நாள் பிந்தி வருவீங்க எண்டு உண்மையைச் சொல்லிடுங்க. மாமியை ஒரு நாள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போங்க, பிறகு மாமியே உங்களுக்காக வாதாடுவா. என்ட அம்மாவும் இப்பிடித்தான் மாறினவ.

இன்னொண்டு, இது எந்தப் பயிற்சியிலயும் சொல்லித் தராதது. உங்கட பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒவ்வொண்டும் வீட்டில இருந்து எப்பிடி வருகுது எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும், நடந்தா, சைக்கிளிலா, ஓட்டோவில எத்தனை பேர், எந்தப் பாலத்தால. கிண்ணியாவில இருக்கிற உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்ல. 2009இல பெரிய பாலம் திறந்த பிறகு படகுக் கதை முடிஞ்சுது எண்டுதான் வெளியில இருக்கிற நாங்க நினைச்சம், 2021 நவம்பர் 23 காலமை குறிஞ்சாக்கேணியில படகுப் பாதை (ஆக்களை ஏத்தி அக்கரைக்குக் கொண்டுபோற மிதவை) கவிண்டு பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட பிள்ளையளும் போயிட்டாங்க. அதிபரால பாலம் கட்ட ஏலாது. ஆனா ஆர் ஆர் எந்த வழியால வாறாங்க எண்ட லிஸ்ட் ஒவ்வொரு அதிபர்ட மேசையிலயும் இருந்தா, அந்த லிஸ்டோட பிரதேச சபைக்கும் வலயத்துக்கும் கடிதத்துக்கு மேல கடிதம் எழுதலாம். பொறுப்பெடுத்த முதல் மாசம் இதைச் செய்யுங்க.

கேள்வி: எங்கட பிள்ளையள் படிக்கிற பள்ளிக்கூடத்தில ஒழுங்கும் இல்ல, நிர்வாகமும் இல்ல. ஆசிரியரைத்தான் அதிபராப் போடோணும் எண்டு என்ன சட்டம்? ஒரு நல்ல பாங்க் மனேஜரையோ, ரிட்டயர் ஆன ஆமிப் பெரியவரையோ போட்டா ரெண்டு மாசத்தில திருத்திடுவாங்களே.
– பெற்றார், உப்புவெளி

பதில்: உங்கட கோவம் விளங்குது ஐயா. ஆனா நீங்க சொல்லுற மருந்து இந்த வருத்தத்துக்கு இல்ல.

நியூசிலாந்தில விவியன் ராபின்சன் எண்ட ஆய்வாளர் அம்மாவும் கூட்டாளிமாரும் 2008இல, அதிபர் செய்யிற வேலையில எது பிள்ளையள்ட படிப்பைக் கூட்டுது எண்டு பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்தவங்க. எண் கூடினா படிப்பில விளைவு கூட எண்டு அர்த்தம்: ஒழுங்கான சூழலை வைச்சிருக்கிறதுக்கு வந்த அளவு 0.27, வளங்களைத் தேடிக் குடுக்கிறதுக்கு 0.31. ஆசிரியர்மார் தங்கட தொழிலைப் படிக்கிறதுக்கு வழி செய்து அதிபரும் கூட இருந்து படிக்கிறதுக்கு 0.84. அப்ப கேற்றைப் பூட்டுறது, பெயின்ற் அடிக்கிறது எல்லாம் வேணும், ஆனா ஏழாம் தரத்தில இந்தப் பிள்ளைக்கு ஏன் வாசிப்பு வரல்ல எண்டு ரீச்சரோட பக்கத்தில இருந்து கதைக்கத் தெரிஞ்ச ஆள்தான் கூட வேணும், பாங்க் மனேஜருக்கு அது தெரியவேண்டிய அவசியம் இல்லத்தானே. ஆமிப் பாணிப் பயிற்சியும் இந்த நாட்டில செய்து பாத்ததுதான், முந்தி அதிபர்மாரை ரந்தம்பை கடேற் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினவங்க. நேரத்துக்கு எழும்பப் பழகியிருப்பாங்க. வகுப்புக்குள்ள எதைப் பாக்கிறது எண்டு அங்க படிக்க ஏலாது.

ஒண்டில நீங்க சரி. ஒரு காலத்தில, 1960, 61இல அரசாங்கம் உதவி பெறும் பள்ளிக்கூடங்களைப் பாரம் எடுக்கிறதுக்கு முந்தி, மிசனிலயோ சைவ சபையிலயோ இருக்கிற மனேஜர் தான் அதிபரைத் தேடிப் பிடிப்பார், ஊரே அவரைக் கேள்வி கேக்கும். அதில சாதி, சமயம் பாத்து ஆக்களை ஒதுக்கின குறையும் நிறைய இருந்தது, அது திரும்பி வரவேணாம். ஆனா ஊர் கேள்வி கேக்கிறது போகக் கூடாது. நீங்க பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்துக்குப் போறீங்களா? போய் ஒழுங்கைப் பற்றிக் கேக்கிறதோட நிக்காம "இந்தத் தவணை எந்த வகுப்பில வாசிப்பு முன்னேறியிருக்கு" எண்டு கேளுங்க. அந்தக் கேள்வியை ஒவ்வொரு கூட்டத்திலயும் ஒரு பெற்றார் கேட்டா, அதிபர் தானா வகுப்புக்குள்ள போவார்.

கேள்வி: மிஸ், கல்வி முகாமைத்துவத்தில ஏதும் கோர்ஸ் தமிழில செய்ய விருப்பம். எங்க செய்யலாம்? செய்தா உண்மையில பிரயோசனமா, இல்லாட்டி சம்பளப் படிக்கு மட்டும்தானா?
– ஆசிரியை, குச்சவெளி

பதில்: 1985ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டத்தால வந்த தேசிய கல்வி நிறுவகம் மகரகமயில இருக்கு, அதிபர்மாரையும் கல்வி நிர்வாகிகளையும் பயிற்றுவிக்கிறதுக்கு எண்டே அதின்ட பிரிவு ஒண்டு மீபேயில, பாதுக்கைக்குக் கிட்ட இருக்கு. கல்வி முகாமைத்துவத்தில பட்டப்பின் டிப்ளோமா, அதுக்கு மேல முதுமாணி எண்டு போகலாம். திறந்த பல்கலைக்கழகத்திலயும் கல்விப் பீடம் இருக்கு, வேலையோட படிக்கிற ஆக்களுக்கு அது வசதி. எந்த வருசம் எந்த மொழியில எடுக்கிறாங்க எண்டதை விளம்பரம் வரக்குள்ள பாத்துக்கொள்ளுங்க.

பிரயோசனமா எண்டா, படிக்கிற ஆளைப் பொறுத்தது எண்டு சொல்லித் தப்பிக்க நான் விரும்பல்ல. எனக்குப் பிரயோசனப்பட்டது. இரவு ரெயில் ஏறி விடியக் கொழும்பில இறங்கி, அங்க இருந்து பஸ் மாறிப் போய்ப் படிச்சனான். விரிவுரையில கேட்டதில பாதி மறந்துபோச்சு, ஆனா பதுளையில இருந்து வந்த ஒரு தோட்டப் பாடசாலை அதிபர், மன்னாரில இருந்து வந்த ஒருத்தர், இவங்களோட இரவு விடுதியில கதைச்சது மறக்கல்ல. தேயிலைக் கொழுந்து கூடின மாசத்தில பிள்ளை வராட்டி அவர் என்ன செய்தார் எண்டதைக் கேட்டுத்தான், வெங்காயம் பிடுங்கிற காலத்தில என்ட பிள்ளையள் வராததுக்கு நான் வழி கண்டனான். (சின்னப் பிள்ளையள்ட லயத்துக்கு ஒரு ரீச்சரைப் பின்னேரம் அனுப்பினவராம். நானும் தோட்டத்து ஓரத்தில மரத்துக்குக் கீழ வகுப்பு வைச்சன்.) அதனால கோர்சுக்குப் போறதெண்டா, செய்யிற ஆய்வை உங்கட பள்ளிக்கூடத்தில இருக்கிற ஒரு உண்மையான சிக்கலில செய்யுங்க, ஆற்றயும் பழைய ஆய்வைத் தலைப்பு மாத்திக் குடுக்காதீங்க. அப்பிடிக் குடுக்கிற ஆக்கள் இருக்காங்க, அவங்க நாளைக்கு அதிபரா வந்து பிள்ளையளுக்குக் கொப்பி அடிக்கக் கூடாது எண்டு சொல்லப்போறாங்க.

இன்னொரு படிப்பும் இருக்கு, அதுக்குச் சான்றிதழ் இல்ல. சிங்களம் வாசிக்கப் பழகுங்க. என்ட காலத்தில சுற்றறிக்கை சிங்களத்தில வந்து கனநாள் கழிச்சுத்தான் தமிழ் வரும், அதுக்குள்ள கடைசித் திகதி முடிஞ்சிருக்கும். கந்தளாய் பக்கத்து அதிபர்மாரோட போனில கதைக்கிற அளவுக்காவது தெரிஞ்சா உங்கட பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டியது வந்து சேரும்.

கேள்வி: ரீச்சர், நான் அடுத்த வருசக் கடைசியில ஓய்வு பெறப்போறன். எனக்குப் பிறகு வாற ஆள் நல்லா வரோணும் எண்டு ஆசை. ஆர் வருவாங்க எண்டு என்ட கையில இல்லத்தானே, அப்ப நான் என்ன செய்யலாம்?
– அதிபர், தம்பலகாமம்

பதில்: சேர், இந்தக் கடிதத்தைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கினது உண்மை. இப்பிடிக் கேக்கிற அதிபர்மாரைத் தேடித்தான் நான் இந்தப் பத்தியே எழுதத் தொடங்கினது.

சிங்கப்பூரில அதிபராகப் போற ஆக்களை முன்கூட்டியே தெரிஞ்செடுத்து, ஆறு மாசம் பள்ளிக்கூட வேலையில இருந்து விடுவிச்சு, முழுநேரமா அவங்கட தேசிய கல்வி நிறுவகத்தில படிப்பிக்கிறாங்க. 1984இல டிப்ளோமாவாத் தொடங்கினது, 2001இல இருந்து இந்த வடிவம். இங்கிலாந்தில 1997இல தலைமை ஆசிரியர் தகைமை எண்டு ஒண்டு கொண்டுவந்து, 2009இல புதுசா வாற எல்லாருக்கும் கட்டாயமாக்கி, 2012இல அந்தக் கட்டாயத்தை எடுத்தவங்க. சரியோ பிழையோ, ரெண்டு இடத்திலயும் படிப்பு முதல், கதிரை பிறகு. நம்மட இடத்தில எக்ஸாம், நேர்முகம், நியமனக் கடிதம், அதுக்குப் பிறகு சேவை உள்ளீர்ப்புப் பயிற்சி (புதுசா சேவைக்கு வாற ஆக்களுக்குக் குடுக்கிற ஆரம்பப் பயிற்சி), பதில் கடமை பாக்கிற ஆக்களுக்கு அதுவும் இல்ல. இதை மாத்திறது கொழும்பின்ட அலுவல். ஆனா உங்கட ஒரு வருசம் உங்கட கையில இருக்கு.

ஆர் வருவாங்க எண்டு யோசிக்காதீங்க, இருக்கிற எல்லாரையும் ஆயத்தப்படுத்துங்க. பிரதி அதிபர், பகுதித் தலைவர்மார், துடிப்பா இருக்கிற ரெண்டு இளம் ஆசிரியர், அஞ்சு பேரெண்டா அஞ்சு பேர். நாங்க அதிபர்மார் விடுற பெரிய பிழை என்னெண்டா வேலையைக் குடுப்பம், முடிவைக் குடுக்க மாட்டம். விளையாட்டுப் போட்டிக்குப் பொறுப்பு எண்டு சொல்லுவம், பந்தல் எந்தப் பக்கம் போடுறது எண்டதையும் நாங்களே சொல்லுவம். நானும் செய்தனான். பிறகு ஒரு வருசம் எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஆறு கிழமை வீட்டில படுத்தன், திரும்பி வந்து பாத்தா ஒண்டும் குழம்பல்ல, எனக்குப் பெருமையா இருந்தது, ஆனா பிரதி அதிபர் ரீச்சர் சொன்னவ, "நீங்க வருவீங்க எண்டு எல்லா முடிவையும் ஒத்தி வைச்சிருந்தம் மிஸ்" எண்டு. மேசையில ஃபைல் ஒரு முழம் உயரத்துக்கு. அண்டைக்குத்தான் நான் ஒருத்தரையும் உருவாக்கல்ல எண்டு விளங்கினது.

அதுக்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லுறன். கஷ்டமான பெற்றார் ஆரும் வந்தா, தனியாச் சந்திக்கிறதை விட்டிட்டு ஒரு பகுதித் தலைவரைப் பக்கத்தில இருத்தினன். அவர் கதைக்கத் தேவையில்ல, பாக்கோணும். பெற்றார் போன பிறகு "நான் எந்த இடத்தில பிழை விட்டன்" எண்டு கேட்பன். முதல்ல ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, "எல்லாம் சரி மிஸ்" எண்டுவாங்க, மூண்டாம் நாலாம் முறைதான் "அவர் பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தொடங்கக்குள்ள நீங்க இடையில பேசிட்டீங்க" எண்டு ஒருத்தர் சொன்னார். சரியாச் சொன்னார். அடுத்த முறை அவர் கதைக்க, நான் பக்கத்தில இருந்தன். ஒரு பிள்ளைக்கு அடிச்சிட்டார் எண்டு ஒரு ஆசிரியர் மேல முறைப்பாடு வந்த நேரம், பிள்ளையளுக்கு அடிக்கக் கூடாது எண்ட 2016 சுற்றறிக்கையை எடுத்து வைச்சு, இதில என்ன செய்யச் சொல்லியிருக்கு, அந்த ஆசிரியரோட எப்பிடிக் கதைக்கிறது, பிள்ளையின்ட தாயிட்ட ஆர் போறது எண்டு மூண்டு பேரா இருந்து முடிவெடுத்தம். கனக்க நேரம் போகும். நானே எடுத்தா பத்து நிமிசத்தில முடியும். ஆனா அந்த மூண்டு பேரில ரெண்டு பேர் இப்ப அதிபரா இருக்காங்க.

இன்னொரு யோசனை, வலயத்தோட கதைச்சுப் பாருங்க. இந்த ஒரு மாவட்டத்துக்குள்ள திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் எண்டு அஞ்சு வலயம், தமிழ், முஸ்லிம், சிங்களப் பள்ளிக்கூடம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில. உங்கட பிரதி அதிபர் ஒரு ரெண்டு கிழமை கிண்ணியாவில ஒரு பள்ளிக்கூடத்தில போய் அதிபருக்குப் பக்கத்தில நிண்டுட்டு வரட்டும், அங்கத்த ஆள் கந்தளாய்க்குப் போகட்டும். நோன்பு லீவோட தவணையை எப்பிடிச் சமாளிக்கிறாங்க, பெரஹராக் காலத்தில என்ன செய்யிறாங்க, ஒரே பிரச்சினைக்கு மற்றவங்க என்ன வழி வைச்சிருக்காங்க எண்டு பாக்கட்டும். பெரிய காசு தேவையில்ல, பஸ் காசும் ஒரு அனுமதிக் கடிதமும்தான். இந்த மாவட்டத்துக்கு வாற அதிபர்மார் ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடுற அளவுக்குப் பழகியிருந்தா, ஒரு வதந்தி கிளம்பிற நாளில அந்தப் பழக்கம் எவ்வளவு பெறுமதி எண்டு நாங்க பட்டு அனுபவிச்ச ஆக்கள், உங்களுக்கும் தெரியும்.

போற அண்டைக்கு நியமனக் கடிதத்தோட வாற ஆளை ஒரு நாள் முழுக்க உங்களோட வைச்சிருங்க. பொருட் பதிவேட்டை எடுத்து ரெண்டு பேருமா அறை அறையாப் போய் எண்ணுங்க. லொக் புத்தகத்தில (பள்ளிக்கூடத்தில நடக்கிறதை அதிபர் எழுதி வைக்கிற பதிவேடு) எழுத ஏலாத விசயங்களும் இருக்கும், எந்தப் பிள்ளைக்குத் தாய் வெளிநாட்டில, எந்த ரீச்சர் வருத்தக்காரப் புருசனை வைச்சுப் பாத்துக்கொண்டு வாறா எண்டு, அதை எண்ணிக்கொண்டு நடக்கக்குள்ள வாயால சொல்லுங்க. பிறகு ஒரு வருசத்துக்கு அவங்க கூப்பிடாம நீங்க பள்ளிக்கூடப் பக்கம் போகாதீங்க, கூப்பிட்டா உடன போங்க.

கேள்வி: வணக்கம் ரீச்சர். நான் பத்தாம் தரம் படிக்கிறன், மாணவ தலைவி. எனக்குப் பெரிய ஆளா வந்து அதிபராக விருப்பம். கூட்டாளிமார் சிரிக்கிறாங்க. எந்தப் பாடம் எடுக்கோணும்?
– மாணவி, பாலையூற்று

பதில்: பிள்ளை, எந்தப் பாடத்தில உங்களுக்கு மற்றப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்க ஆசை வருகுதோ அந்தப் பாடம். ஏ/எல் முடிய கல்வியியற் கல்லூரிக்கும் போகலாம், கம்பஸ் போய் பட்டத்தோடயும் ஆசிரியர் ஆகலாம், ரெண்டு வழியும் சரி. முதல்ல நல்ல ரீச்சரா வாங்க, மற்றதெல்லாம் பிறகு.

இப்ப உங்களுக்கு ஒரு வேலை தாறன். மாணவ தலைவி எண்டா பிந்தி வாற ஆக்கள்ட பேரை எழுதுறீங்கதானே? வாற கிழமை பேர் எழுதுறதோட, கிழமையில ரெண்டு நாளுக்கு மேல பிந்தி வாற சின்னப் பிள்ளை ஒருத்தரிட்ட ஏன் பிந்திச்சு எண்டு தனியா, ஆரும் கேக்காத இடத்தில கேளுங்க. என்ன சொன்னது எண்டு கேட்டிட்டு, பிள்ளையின்ட பேர் போடாம எனக்கு எழுதுங்க. வாற இதழில அதைப் பற்றிக் கதைப்பம்.